கிரிப் கோக் முகட்டில் பயம் வந்தால் பாதியில் இறங்கிவிட முடியுமா?

பிக் பாதை என்ற நடைவழியில் ஒரு முறை வேல்ஸின் மிக உயரமான மலையான ஸ்நோடன் ஏறியிருக்கிறீர்கள், தெற்கு வேல்ஸின் பென்-இ-வான் மலைக்கும் போய்வந்திருக்கிறீர்கள். இப்போது நண்பர்கள் மூன்று பேர் அக்டோபர் கடைசி வாரம் கிரிப் கோக் என்ற குறுகிய பாறை முகட்டைக் கடந்து போகும் குதிரைலாட வடிவச் சுற்றான ஸ்நோடன் ஹார்ஸ்ஷூ போகலாம் என்று கூப்பிடுகிறார்கள். எவ்வளவு கஷ்டம், கயிறு வேண்டுமா, உயரம் என்றால் கொஞ்சம் பயம் என்பதால் ஒத்துவராவிட்டால் நடுவில் இறங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகப் போகிறபோக்கில் கேட்டதுதான் இதில் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டும் தெளிந்துவிடும்.

நான் வட இங்கிலாந்தில் பல வருடங்களாக இருக்கிறேன். மலை நடைக் குழுக்களை அழைத்துப் போவதற்கான மவுண்டன் லீடர் கோடைக்காலத் தகுதி பெற்றவன். இந்தச் சுற்றை வெயில், மழை, மூடுபனி எல்லாவற்றிலும் நடந்திருக்கிறேன். ஆனால் என் தகுதி நடைவழிகளுக்கானது. கயிறு போட்டு ஆட்களை இப்படிப்பட்ட முகட்டின் மேல் கூட்டிப் போவது அதில் அடங்காது. அதனால் வழி, வானிலை, நேரம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மனம் அந்த உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என்னால் இங்கிருந்து கணிக்க முடியாது. அதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வழி. பென்-இ-பாஸ் கார் நிறுத்துமிடம் 359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிக் பாதையில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் நடந்தால் புல்க் எ மோக் என்ற கணவாய் வரும். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. பிக் பாதை இடது பக்கமாகச் சமமாகப் போகும். வலது பக்கம் நேரே மேலே ஏறுவது கிரிப் கோக், 923 மீட்டர். அதன் முகட்டைக் கடந்தால் புல்க் கோக் என்ற புல் படர்ந்த பள்ளம். பிறகு கிரிப் எ தஸ்கில் முகடு வழியாக 1,065 மீட்டரில் கார்னெத் இகைன், அடுத்து 1,085 மீட்டரில் ஸ்நோடன். பலகைகளில் எர் வித்வா என்றுதான் பார்ப்பீர்கள். 2022-லிருந்து தேசியப் பூங்கா வெல்ஷ் பெயர்களையே பயன்படுத்துகிறது. உச்சியிலிருந்து வாட்கின் பாதையில் இறங்கி, 898 மீட்டர் லிவெத் மேல் ஏறி, லிதவ் ஏரிக்கரைக்கு வந்து மைனர்ஸ் டிராக் என்ற அகலமான பாதையில் பென்-இ-பாஸ் திரும்ப வேண்டும். மொத்தம் 12 கிலோமீட்டருக்குப் பக்கம், ஏற்றம் மட்டும் ஆயிரம் மீட்டருக்கு மேல். எல்லோரும் கிரிப் கோக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பாறையில் ஏறுவது இறங்குவதைவிட எளிது, உடம்பும் புதிதாக இருக்கும், குறுகிய முகட்டில் எதிரே வருகிறவர்களோடு முட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

சரி, நடுவில் இறங்க முடியுமா? கிரிப் கோக் மேல் ஏறிய பிறகு முடியாது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். புல்க் எ மோக்கிலிருந்து கிழக்கு முகட்டில் சுமார் 350 மீட்டர் ஏற வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு பாறைக்கட்டு வரும், அங்கே கையும் காலும் இரண்டும் வேண்டும். பிடிகள் பெரியவை, நல்லவை. ஆனால் ஆயிரக்கணக்கான பூட்ஸ் தேய்த்து வழவழப்பாகிவிட்டன. ஏறும்போது பிடி கண்ணுக்கு எதிரே இருக்கும். அதே இடத்தில் இறங்கும்போது காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. பயந்து திரும்புகிறவர் ஏறியதைவிடக் கடினமான வேலையை, ஏறியதைவிட மோசமான மனநிலையில் செய்ய வேண்டியிருக்கும். பாறைக்கட்டில் இருக்கும்போதே திரும்பினால் பரவாயில்லை. உச்சிக்குப் போய் முகட்டைப் பார்த்த பிறகு திரும்புவது பெரும்பாலும் முன்னே போவதைவிடக் கஷ்டம். ஆக முடிவெடுக்கும் இடம் புல்க் எ மோக் கணவாய். காற்று எப்படி, பாறை நனைந்திருக்கிறதா, நால்வரில் யார் முகம் வாடியிருக்கிறது என்பதையெல்லாம் அங்கே நின்று பத்து நிமிடம் பேசுங்கள். யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் இடது பக்கம் போவது என்று காரிலிருந்து இறங்கும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். கணவாயில் நின்று அந்தப் பேச்சைத் தொடங்கினால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இன்னொன்றும் அங்கே நடக்கும். பிக் பாதையில் போக வந்தவர்கள், முன்னால் போகிறவர்களைப் பின்பற்றித் தெரியாமலே கிரிப் கோக் மேல் ஏறிவிடுகிறார்கள். லான்பெரிஸ் மலை மீட்புக் குழு அங்கே மீட்கும் ஆட்களில் இப்படி வந்து மேலும் போக முடியாமல் கீழும் வர முடியாமல் உறைந்து நிற்பவர்கள் உண்டு. அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்; வேலையை விட்டு, தூக்கத்தை விட்டு வருகிறார்கள், காசு வாங்குவதில்லை. பிரிட்டனில் மிக அதிகமாக அழைக்கப்படும் குழுக்களில் அதுவும் ஒன்று.

இப்போது முகடு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது முதல் தர ஸ்கிராம்பிள். கையும் காலும் வைத்து ஏறும் பாறைவழியை ஸ்கிராம்பிள் என்பார்கள், முதல் தரம் அதில் கீழ்ப்படி. ஒரு நல்ல உடற்பயிற்சிக்காரர் செய்ய முடியாத அசைவு எதுவும் அதில் இல்லை. அதைக் கடினமாக்குவது விளிம்பு. சுமார் அரை கிலோமீட்டருக்கு மலை ஒரு கத்தி மாதிரி மெலிந்து போகிறது. வலது பக்கம், அதாவது வடக்கே, செங்குத்தாகப் பாறை விழுகிறது. இடது பக்கம் சரிவுதான், ஆனால் அங்கே விழுந்தாலும் நிற்க இடமில்லை. சிலர் முகட்டின் நடுவில் கை வைக்காமல் நடந்து போவார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்து அதையே செய்ய வேண்டாம். முகட்டுக்கு ஓர் ஆள் உயரம் கீழே, தெற்குப் பக்கமாக, கால் வைக்கத் திட்டுகள் தொடர்ந்து கிடைக்கும். முகட்டுக் கல்லையே கைப்பிடிச்சுவராகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரலாம். இரண்டு கை, இரண்டு கால் என நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். பிடிக்கும் கல்லை முதலில் தட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகு உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். வெளிப்பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துவது நல்லது. ரொம்பவும் கீழே இறங்கிப் போய்விடவும் கூடாது. பயந்தவர்கள் முகட்டை விட்டுக் கீழே கீழே போய், உதிரிக் கல்லில் மாட்டிக்கொள்வது அங்கே வழக்கமாக நடக்கும் ஒன்று.

முகட்டின் கடைசியில் மூன்று பாறைக் கோபுரங்கள் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வயிறு கலங்கும். பக்கத்தில் போனால் பிடிகள் தாராளமாக இருக்கும். முதல் இரண்டையும் இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம். கடைசியின் மேல் சின்ன ஏற்றம் ஒன்று, வெளியே காற்றுவெளி தெரிகிற மாதிரி. எனக்குத் தெரிந்த பலர் முகட்டைக் கடந்துவிட்டு இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் புல்க் கோக், அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். மூடுபனியில் அந்தப் பள்ளத்திலிருந்து வடக்கே கும் கிளாஸ் பக்கமோ தெற்கே சரளைச் சரிவிலோ இறங்குவது போன்ற தடங்கள் கண்ணில் படும். வழி நன்றாகத் தெரிந்தவர்கள் வடக்கே இறங்குவதுண்டு. தெரியாதவர்களுக்கு அது பாறை விளிம்பில் போய் முடியும். தெற்கே இறங்கினால் கல் உருண்டு பிக் பாதையில் நடப்பவர்கள் தலையில் விழும். புல்க் கோக்கில் களைத்துவிட்டால் முன்னே போவதே நல்லது. கிரிப் எ தஸ்கிலிலும் கை போட வேண்டிய இடங்கள் உண்டு, ஆனால் அகலம் இருக்கிறது. கார்னெத் இகைனைத் தாண்டி புல்க் கிளாஸ் வந்ததும் முதல் உண்மையான வெளியேறும் வழி கிடைக்கும். பிக் பாதையின் மேல் முனையைக் காட்டும் நட்டகல் அங்கே நிற்கிறது. உங்களுக்குத் தெரிந்த பாதை, அதில் நேரே இறங்கிவிடலாம். அதாவது கிரிப் கோக்கில் கால் வைத்ததிலிருந்து குறைந்தது இரண்டு, கூட்டமாக இருந்தால் மூன்று மணி நேரம் நீங்கள் அந்த முகட்டுக்குக் கட்டுப்பட்டவர்.

கயிறு வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழகியவர்கள் நல்ல வானிலையில் இங்கே பெரும்பாலும் கயிறு போடுவதில்லை. கயிறு வேலை தெரியாத நால்வர் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பாறையில் எங்கும் மாட்டாமல் நடந்தால், ஒருவர் வழுக்கியதும் நால்வரும் போவார்கள். இதில் சந்தேகமே இல்லை, தயவுசெய்து செய்யாதீர்கள். கயிறு இருந்தால்தான் மனது நிற்கும் என்றால் அதற்கென்று பயிற்சி பெற்ற மவுண்டனியரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். நால்வர் பகிர்ந்தால் பெரிய செலவு ஆகாது, முகட்டையும் ரசிக்க முடியும். ஹெல்மெட் பற்றிப் பலருக்குப் பல கருத்து. நான் போட்டுக்கொள்வேன், ஏனென்றால் கிழக்கு முகட்டில் மேலே ஏறுகிறவர்கள் கல்லைத் தட்டிவிடுவது சகஜம். முகட்டிலிருந்து விழுந்தால் அது காப்பாற்றும் என்று நினைத்துப் போட வேண்டாம்.

உயரப் பயம் பற்றி நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பால்கனியில் நின்றால் கால் கூசுகிறவர்களில் சிலர் பாறையைக் கையால் பிடித்ததும் சாதாரணமாகிவிடுகிறார்கள். கைக்கு வேலை இருந்தால் மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது. வேறு சிலர், பயமே இல்லை என்று வந்தவர்கள், முகட்டின் முதல் பத்து அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். எது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுகோல் எதையும் நான் கண்டதில்லை. உறைந்து நிற்கிறவரை அவசரப்படுத்தினால் நிலைமை மோசமாகும். பக்கத்தில் ஒருவர் அதே மட்டத்தில் நின்று, அடுத்த ஒரு கால், அடுத்த ஒரு கை என்று மட்டும் பேசினால் பெரும்பாலும் நகர்ந்துவிடுவார்கள். உங்கள் குழுவில் அப்படிப் பேசக்கூடிய பொறுமைசாலி யார் என்று யோசித்துவையுங்கள். அவர் உங்களுக்குப் பக்கத்தில் வரட்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது காற்று. பாறையும் விளிம்பும் எல்லா நாளும் ஒன்றுதான், காற்றுதான் அந்த இடத்தையே மாற்றிவிடுகிறது. மலை வானிலைக்கென்று எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற இலவசச் சேவை இருக்கிறது, பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸும் மலைப்பகுதிக்குத் தனி அறிக்கை தருகிறது. போனில் இருக்கும் சாதாரண ஆப் ஊருக்கான காற்றைத்தான் சொல்லும். 900 மீட்டர் உயரத்துக்கான காற்றைப் பாருங்கள். அங்கே மணிக்கு 25 மைலுக்கு மேல் காற்று என்றால் புதியவர்களோடு நான் கிரிப் கோக் போகமாட்டேன். 40 மைல் என்றால் நின்ற நிலையிலேயே உடம்பு தள்ளாடும். 25 என்பது என் சொந்த எல்லை, விதி இல்லை. அனுபவசாலிகள் அதற்கு மேலும் போவார்கள். மழை விஷயம் வேறு மாதிரி. பிரிட்டனிலேயே மிக அதிகம் மழை பெய்கிற இடங்களில் கிரிப் கோக் ஒன்று, ஆண்டுக்குச் சராசரி 4,400 மில்லிமீட்டருக்கு மேல். லண்டனில் சுமார் 600. அதனால் காய்ந்த பாறை கிடைப்பது அதிர்ஷ்டம். அந்த எரிமலைப் பாறை ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும், ஆனால் தேய்ந்த பிடிகளும் பாசி படிந்த கற்களும் வழுக்கும். முதல் தடவை போகிறவர் ஈரத்தில் போக வேண்டாம் என்பது என் கருத்து. உறைபனியோ பனிப்பொழிவோ இருந்தால் அது குளிர்கால மலையேற்றம். ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடாரி) கிராம்பானும் (பூட்ஸில் மாட்டும் முள்தகடு) அவற்றைப் பயன்படுத்தத் தெரிவதும் வேண்டும். அக்டோபரில் அது அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

நேரம்தான் உங்கள் திட்டத்தில் இடிக்கிறது. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறோம்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இந்தச் சுற்றுக்கு அது நாலேகால் மணி நேரம் காட்டும். அந்தக் கணக்கு நடைபாதைக்கு. முகட்டில் அது செல்லாது. புதியவர்கள் நால்வர், அங்கங்கே காத்திருப்பு எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் வையுங்கள், ஒன்பதும் ஆகலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போகிறது. அதன் பிறகு அங்கே ஏழு மணியை ஒட்டி விடிந்து ஐந்து மணியை ஒட்டி சூரியன் மறைந்துவிடும். ஏழரைக்கு நடக்கத் தொடங்கினால்கூட, ஒன்பது மணி நேரம் ஆனால் இருட்டுவதற்குச் சற்று முன்புதான் திரும்பி வந்து சேர்வீர்கள், கொஞ்சம் தாமதமானாலும் இருட்டிவிடும். ஆளுக்கொரு ஹெட்டார்ச், மாற்று பேட்டரியோடு, கட்டாயம். உச்சியில் பென்-இ-பாஸைவிட ஐந்து டிகிரி குளிர் கூடுதல் இருக்கும், காற்றில் இன்னும் அதிகமாகத் தெரியும். மலை ரயிலையும் உச்சியிலுள்ள ஹஃபோட் எரிரி கட்டடத்தையும் நம்ப வேண்டாம். இரண்டும் பருவத்துக்கும் வானிலைக்கும் ஏற்பத்தான் திறந்திருக்கும்.

லிவெத் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். கிரிப் கோக் தாண்டிவிட்டோம், ஸ்நோடன் உச்சியில் படம் எடுத்துவிட்டோம், இனி இறக்கம்தானே என்ற நினைப்பில் ஆட்கள் தளர்ந்துவிடுகிறார்கள். வாட்கின் பாதையின் மேல்பகுதி இந்தச் சுற்றிலேயே எனக்குப் பிடிக்காத இடம்: செங்குத்து, உதிரிக் கல், முழங்காலைச் சோதிக்கும். அதன் தொடக்கம் உச்சியிலேயே இல்லை. தென்மேற்கு முகட்டில் சற்று இறங்கிய பிறகு ஒரு நட்டகல் வரும், அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். மூடுபனியில் அதைத் தவறவிடுவது சுலபம். புல்க் கில்யாய் கணவாயில் வாட்கின் பாதை வலது பக்கம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். நீங்கள் நேரே போக வேண்டும். லிவெத் ஏற்றம் இனிமையானது, பெரிய படிகள் போலக் கற்கள், ஆனால் இடது பக்கம் முந்நூறு மீட்டர் பாறைச் சுவர் லிதவ் ஏரிப் பக்கம் விழுகிறது. பின்னால் எவரெஸ்ட்டில் ஏற முயன்ற ஜார்ஜ் மல்லோரி இளவயதில் ஏறிப் பழகிய சுவர்களில் அது ஒன்று. 1953 எவரெஸ்ட் குழு பயிற்சிக்குத் தங்கிய பென்-இ-கிரிட் விடுதியும் பக்கத்தில்தான் இருக்கிறது. நேரம் இருந்தால் லிவெத் மேல் உட்கார்ந்து நீங்கள் வந்த முகட்டைத் திரும்பிப் பாருங்கள், அந்தக் காட்சி வேறு எங்கிருந்தும் கிடைக்காது. பிறகு ஏரிக்கரை, அங்கே குறுக்கே போகும் கல்பாதை 1853-ல் செம்புச் சுரங்கத்துக்காகப் போட்டது. அந்தக் கல்பாதையில் ஏறாமல் கரையிலிருந்து பென்-இ-பாஸ் பக்கம் திரும்பினால் வண்டிப்பாதை மாதிரி அகலம்.

எடுத்துப் போவதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அடி கெட்டியான, விளிம்பில் நிற்கக்கூடிய பூட்ஸ் போடுங்கள், ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம். டிரெக்கிங் கம்புகளை பைக்கு வெளியே தொங்கவிடாமல் மடித்து உள்ளே வையுங்கள். முகட்டில் அது கல்லில் மாட்டி ஆளைத் திருப்பிவிடும். ஈரத்திலும் பிடிக்கிற மெல்லிய கையுறை வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 17 வரைபடமும் திசைகாட்டியும் ஒருவரிடமாவது இருக்கட்டும், பயன்படுத்தத் தெரிந்தவரிடம். ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று கேளுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் குறுஞ்செய்தி போகும், ஆனால் அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். இன்றே செய்துவிடுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். மேகம் மூடியிருந்தால் ஹெலிகாப்டரால் அருகே வர முடியாமல் போகலாம், நடந்து வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால் காத்திருப்பதற்கான கனமான ஒரு மேலாடை பையில் இருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அக்டோபரில் சுற்றின் இரண்டாம் பாதியை மட்டும் செய்வேன். பிக் பாதையில் ஸ்நோடன் உச்சி, வாட்கின் பாதை இறக்கம், லிவெத், மைனர்ஸ் டிராக். முகடு, விளிம்பு, கை போட்டு ஏறுவது எல்லாம் லிவெத்தில் மிதமான அளவில் கிடைக்கும், கிரிப் கோக்கில் செலவாகும் மணி நேரங்களும் மிஞ்சும். ஆறு, ஏழு மணி நேரத்தில் முடிக்கலாம். அங்கே இடது பக்கம் எட்டிப் பார்க்க முடிந்தால் உங்களைப் பற்றி நல்ல தகவல் கிடைத்துவிட்டது. அடுத்து மோயல் ஷாபோட்டின் தேயார் தீ முகட்டில் கையால் ஏறிப் பழகுங்கள். அது இதே தரத்தின் எளிய முனை. அப்புறம் மே, ஜூனில் வார நாள் ஒன்றில், காற்றில்லாத காலையில் கிரிப் கோக் போங்கள். நண்பர்கள் இந்த அக்டோபரிலேயே முழுச் சுற்றும் போக நினைத்தால் அவர்கள் போகட்டும். நீங்கள் பிக் பாதையில் ஏறி புல்க் கிளாஸில் அவர்களைச் சந்திக்கலாம்; அவர்கள் வர நேரமாகும், நின்று குளிரில் விறைக்காமல் கொஞ்சம் தாமதமாகவே கிளம்புங்கள். பென்-இ-பாஸில் காரை நிறுத்துவதற்கு முன்பதிவு வேண்டுமா என்று போகும் முன் பார்த்துவிடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் நான்ட் பெரிஸ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு ஷெர்பா பஸ்ஸில் மேலே வரலாம். திரும்பும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.